மைக்கில் சொன்ன தீர்ப்பு

சென்ற வாரம், இப்போது சங்கத்தை நடத்தும் நீங்கள் மூவரும் வந்து, தேசியக் கால்பந்து சம்மேளனத்தின் புதிய நிர்வாக அமைப்பு பற்றிக் கருத்துக் கேட்டு வந்திருந்த காகிதங்களை என் மேசையில் விரித்தீர்கள். பெட்டி பெட்டியாக வரைந்து, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போட்ட ஒரு படம். தலைவர், பொதுச்செயலாளர், தேர்வுக்குழு, நடுவர் பிரிவு, ஒழுங்குக் குழு, மேல்முறையீட்டுக் குழு. "இத்தன பெட்டி வேணுமுங்களா, ரெண்டு மூணச் சேத்துப்போட்டா என்னங்க?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். மாவட்டச் சங்கம் என்ற முறையில் நாம் ஒரு பக்கத்துக்குள் பதில் அனுப்ப வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை, சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது.

தொண்ணூறுகளில் நான் கோவையில் ஒரு நூற்பாலையின் தொழிலாளர் நலப் பிரிவில் வேலை பார்த்தேன். பகலெல்லாம் ஆலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கால்பந்துச் சங்கத்தின் கௌரவச் செயலாளர். செயலாளர் என்பது பெயருக்குத்தான். மாவட்ட அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவைக் கூட்டுபவன் நான். எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று போடுபவன் நான். யாராவது தகராறு செய்தால் விசாரிக்கும் ஒழுங்குக் குழுவின் தலைவனும் நானே. குழு என்று சொன்னாலும் மற்ற இருவர் கையெழுத்துப் போட மட்டும் வருவார்கள். ஒருமுறை செயலாளர் என்ற முறையில் நடுவர் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி, நடுவர் பிரிவு என்ற முறையில் 'தங்கள் கடிதம் கிடைத்தது, ஆவன செய்யப்படும்' என்று நானே பதிலும் எழுதி, இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தேன். அப்போது அதை எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தேன்.

வேறு யாரும் முன்வரவில்லை, அதனால் எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்று நெடுநாள் சொல்லிவந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அது பிடித்திருந்தது. மைதானத்துக்குள் நுழைந்தால் நாலு பக்கத்திலிருந்தும் "செயலாளருங்க" என்று எழுந்து வருவார்கள். அந்த மரியாதைக்கு மயங்காதவன் யார்?

எங்கள் தலைவர் ஆலை முதலாளி, நல்ல மனிதர். ஒரு நாளும் இவனைச் சேர், அவனை நீக்கு என்று சொன்னதில்லை. எதைக் கொண்டுபோனாலும் "பாத்துச் செய்யுங்க" என்பார். நம் ஊரில் பெரியவர்கள் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பொறுப்பு, ஆனால் எனக்குப் பிடிக்காதபடி ஆகிவிடக் கூடாது என்று பொருள். எது அவருக்குப் பிடிக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இனி சவரிமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன். சூலூர்ப் பக்கம் தறிக்கூடங்களுக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் அவன் ஆடுவதை ஒரு முறை தற்செயலாகப் பார்த்தேன். அப்பா அம்மா இருவரும் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அவன் வெறுங்காலோடு இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுவந்தான். தடுப்பவன் காலை நீட்டும்வரை பொறுத்திருப்பான், நீட்டிய பிறகுதான் போவான். வேகமாக ஓடும் ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பொறுத்திருக்கத் தெரிந்தவனை அவனுக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. எழுதும்போதே அந்த இடது ஓரம் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. மறுபடி ஒரே ஒரு மாலை அதைப் பார்க்கக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

தெரிந்தவர்களிடம் சொல்லி, அணி வைத்திருந்த ஒரு பம்ப்செட் கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டேன். மூன்று மாதத்துக்கொரு முறை பெயரை நீக்கித் திரும்பச் சேர்க்கும் தற்காலிக வேலைதான் கிடைத்தது. இரண்டே ஆண்டில் மாவட்ட அணிக்கு வந்துவிட்டான். 'செயலாளரோட ஆளு' என்று அவனுக்குப் பெயரும் வந்துவிட்டது. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை, வெளியே கூச்சம்.

அந்த ஆண்டு மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி மேட்டுப்பாளையத்தில் நடக்க இருந்தது. ஒரு அரசு நிறுவனத்தின் அணிக்கு ஆள் எடுக்க அதைப் பார்க்க வருகிறார்கள் என்று தகவல். எடுத்தால் நிரந்தர வேலை, ஓய்வூதியம், ஆட்டக்காரன் என்ற அடையாளம். சவரிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. "இந்த ஒண்ணு கெடச்சுப்போச்சுன்னா அம்மாவ வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லிருவேனுங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

அந்தப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிறு மாலையில் லீக் அரையிறுதி. சவரியின் கம்பெனி அணிக்கும் ஒரு மில் அணிக்கும் ஆட்டம். கயிறு கட்டிய மைதானம், சுற்றிலும் நல்ல கூட்டம். நான் சாமியானாவுக்குக் கீழே மைக் வைத்த மேசையில் இருந்தேன். இரண்டு பக்கமும் சமமாக இருந்து, எட்டு நிமிடம்தான் மீதி. சவரி உள்ளே வெட்டி வரும்போது தடுத்தவன் அவனைச் சாய்த்தான். பெனால்டி என்று எல்லோரும் கத்தினார்கள். நடுவர் கொடுக்கவில்லை. கம்பெனி அணியினர் ஐந்தாறு பேர் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த கணம் நடுவர் தரையில் கிடந்தார். அவருக்குப் பின்னால் மிக அருகில் நின்றிருந்தவன் சவரி.

கயிற்றைத் தாண்டி இரண்டு பக்கத்துக் கூட்டமும் உள்ளே வந்துவிட்டது. ஒரு கல் வந்து சாமியானாவில் விழுந்தது. அடுத்த வாரம் இறுதி ஆட்டம், கலவரம் என்று போனால் போலீஸ் அனுமதி கிடைக்காது. மூன்று கிளப்புகளின் செயலாளர்கள் என் மேசையைச் சூழ்ந்துகொண்டு, நடுவர் மேல் கை வைத்தவனை விட்டால் நாளை முதல் தாங்கள் லீக்கில் இல்லை என்றார்கள். அதில் ஒருவர் மிகவும் பணிவாகச் சொன்னார்: "நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னு தெரியுமுங்க. அவன் உங்க ஆளாச்சுங்களே." தலைவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

நான் மைக்கை எடுத்தேன். நம் ஊர்ப் பழக்கம் நாக்கை விட்டுப் போகுமா? நடுவரைத் தாக்கிய திரு. சவரிமுத்து அவர்களுக்கு இன்று முதல் ஓராண்டு காலம் மாவட்டத்தின் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்படுகிறது என்று, திருவும் அவர்களும் குறையாமல் அறிவித்தேன். கூட்டம் கை தட்டியது. கல் நின்றது. ஆட்டம் தொடர்ந்தது. சவரி நடுமைதானத்திலிருந்து மேசையைப் பார்த்தான். பிறகு கயிற்றுக்கு வெளியே போய் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். அவன் இல்லாமலே கம்பெனி அணி ஒரு கோலில் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்குப் போனது. பழகியவன் என்று பார்க்காமல் நீதி செய்தேன் என்ற மிதப்பில் அன்று வீட்டுக்குப் போனேன். என் மனைவியிடம்கூட அப்படித்தான் சொன்னேன்.

மறுநாள் காலை நடுவர் ஆலை வாசலில் நின்றிருந்தார். டவுன்ஹால் பக்கம் தையற்கடை வைத்திருந்த பாய் அவர். என் வயதுதான். நடுவராக அவரைப் போல் சட்டம் படித்தவர் மாவட்டத்தில் கிடையாது. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். கையில் ஆட்ட அறிக்கை.

"முதுகுல கை பட்டுச்சுங்க. திரும்பிப் பாக்கறதுக்குள்ள கீழ கெடந்தேன். யாரு கைன்னு தெரியாதுன்னு எழுதியிருக்கறேன். நான் எழுதறதுக்கு முந்தி நீங்க சொல்லிப்போட்டீங்க."

இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். அவர் அதையும் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். வரும் ஞாயிறு இறுதி ஆட்டத்துக்கு அதே கூட்டம் வரும், அதே மைக்கில், விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், தடை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்றார். சரி, பார்க்கலாம் என்று அறிக்கையை வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

புதன்கிழமை சவரி வந்தான். கம்பெனியில் அரை நாள் விடுப்பு எடுத்து, யாரையோ கொண்டு எழுதிய மனுவோடு வந்திருந்தான். பெறுநர், செயலாளர் அவர்கள் என்று இருந்தது. மேல்முறையீட்டு மனுவைச் செயலாளருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. அதை எழுதிச் சேர்த்ததும் நான்தான். இதைக் குழு பரிசீலிக்கும் என்று ஆரம்பித்தேன். நான் உட்காரச் சொல்லியும் அவன் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டான்.

"குழுவுல யாருங்க இருக்கறாங்க?"

நானும் இன்னும் இருவரும் என்றேன்.

"நீங்கதான் தீர்ப்புச் சொன்னீங்க. நீங்க சொன்னது தப்புன்னு உங்ககிட்டயே வந்து நான் எப்படிச் சொல்றதுங்க? வேற யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க, அவங்ககிட்டப் போறேன்."

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விலாசம் தெரியாதவன் கேட்பதைப் போலக் கேட்டான். நான் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு, கொஞ்ச நாள் போகட்டும் சவரி, பாத்துச் செய்யலாம் என்றேன். "சரிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். தலைவர் என் தோளில் வைத்த கையை நான் அவன் தோளில் வைத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஞாயிறு முழுவதும் மைக் என் கையில் இருந்தது. கோல் போட்டவர்கள் பெயரைச் சொன்னேன். குளிர்பானம் வழங்கிய கடைக்காரருக்கு நன்றி சொன்னேன். சைக்கிள் சாவியைத் தொலைத்தவர் மேசைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும் என்று இரண்டு முறை சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. எதிரே கோட்டோரமாக நடுவர் பாய் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இளைஞர்களே, தவறு மைக்கை எடுத்த அந்த நிமிடத்தில் இல்லை. கல் விழும்போது எவனும் தடுமாறுவான், நீங்களும் தடுமாறுவீர்கள். தவறு அதற்குப் பிறகு வந்த நாட்களில் இருந்தது. செயலாளராக இருந்தவனுக்கு லீக்கை நடத்த வேண்டும். தேர்வுக்குழுவில் இருந்தவனுக்குத் தன் ஆளைச் சேர்த்தான் என்ற பேச்சு வரக் கூடாது. தீர்ப்புச் சொன்னவனுக்குச் சொன்ன சொல் நிற்க வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்பவனுக்கு மட்டும்தான் சவரி வேண்டும். அந்த நால்வரும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள். கடைசி ஆள் வாயைத் திறக்கவே மற்ற மூவரும் விடவில்லை.

மேட்டுப்பாளையம் போட்டிக்கு ஆள் எடுக்க வந்தவர், இடது ஓரத்தில் ஒரு பையன் இருக்கிறானாமே என்று என்னிடமே கேட்டார். ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கிறான் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சவரிக்குப் பதிலாக ஆடியவனை எடுத்துக்கொண்டார்கள். அவனும் நல்லவன்தான், அவன் மேல் குறையில்லை. சவரி வந்து மறுபடி கேட்பான், கேட்டால் தடையைக் குறைத்துவிடலாம் என்று நான் காத்திருந்தேன். அவன் வரவேயில்லை. அடுத்த மூன்று மாதம் முடிந்தபோது கம்பெனியில் பெயரை நீக்கினார்கள், திரும்பச் சேர்க்கவில்லை. ஆடாத ஆட்டக்காரனை எதற்கு வைத்திருப்பார்கள்? கல்யாணமாகி வெள்ளகோவில் பக்கம் போய்விட்டான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். பாயும் என்னிடம் வேலைக்கு மேல் ஒரு சொல் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஏழு ஆண்டு கழித்து நான் பொறுப்பை ஒப்படைத்தேன். புதிய செயலாளர் ஒழுங்கான ஆள். தடையில் இருந்தவர்கள், முடிந்தவர்கள் எல்லாம் பட்டியலாக வேண்டும் என்றார். சவரியின் உத்தரவைத் தேடினேன். கோப்பில் இல்லை. கூட்டக் குறிப்பேட்டில் இல்லை. தபால் பதிவேட்டில் இல்லை. நடுவரின் அறிக்கை இருந்தது, அவன் மனு இருந்தது. தடை மட்டும் இல்லை. எழுத்தில் உத்தரவு போட்டு, சம்பந்தப்பட்டவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகே எந்தத் தடையும் செல்லும் என்பது எங்கள் விதி. நான் மைக்கில் சொன்னதோடு விட்டுவிட்டேன். அது தடையே இல்லை. அந்த ஞாயிறு இறுதி ஆட்டத்தில் அவன் இறங்கி ஆடியிருந்தால் யாராலும் தடுத்திருக்க முடியாது. மாவட்டமே ஒரு ஒலிபெருக்கியின் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறது.

அன்றிரவு தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன். இதை அவனிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், அவன் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

ஒரு எண்ணெய் மில்லில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, "வாங்க சார், ஏனுங்க இவ்வளவு தூரம், ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே" என்றான். நிழலில் நாற்காலி போட்டு, கடைக்கு ஓடிப் போய்க் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தான். பாட்டிலைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, கோப்பைப் பற்றிச் சொன்னேன். எழுத்தில் உத்தரவே கிடையாது, நீ ஆடியிருக்கலாம் சவரி, தடை என்று ஒன்று இருக்கவேயில்லை என்றேன்.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியுமுங்க" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"நான் உங்ககிட்ட மனு குடுத்த மறுநாளே ரெஃப்ரி பாய் சூலூருக்கு எங்க ஊடு தேடி வந்தாருங்க. லெட்டர் வந்துச்சான்னு கேட்டாரு. வரலீன்னேன். அப்ப தடையே இல்ல, ஞாயித்துக்கெழம போயி எறங்கி ஆடு, நான் பாத்துக்கறேன்னாருங்க."

பிறகு ஏன் ஆடவில்லை என்று கேட்டேன். அவன் டெம்போவின் பின்கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தான்.

"அத்தன பேரு முன்னால மைக்குல சொல்லிப்போட்டீங்க. அடுத்த வாரமே நான் போயி எறங்குனா, உங்க பேச்சுக்கு என்னங்க மரியாத? எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிக்க மாட்டாங்களா? என்னக் கூட்டிட்டு வந்தவரு நீங்க. நீங்களே கூப்புடுவீங்கன்னு பாத்தேனுங்க. பாய்கிட்டயும், உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

கலரின் குளிர்ச்சி போய்விடும், குடியுங்கள் என்றான். நான் குடித்தேன். பஸ் ஸ்டாண்ட் வரை டெம்போவிலேயே கொண்டுவந்து விட்டான். வழியில் தன் மகளின் பள்ளிக்கூடத்தைக் காட்டினான். இப்போது எங்காவது ஆடுகிறாயா என்று கேட்டேன். இல்லீங்க என்றான்.

நான் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்த என் பெயரை, அத்தனை ஆண்டுகளும் அவன்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அதற்காகத் தன் வேலையையும் ஆட்டத்தையும் விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எந்தப் பெட்டியையும் இன்னொன்றோடு சேர்க்காதீர்கள். தலைவர் 'பாத்துச் செய்யுங்க' என்றால், எதை, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கேளுங்கள், கோபித்துக்கொள்ளட்டும். அணியைத் தேர்ந்தெடுப்பவர் தேர்ந்தெடுக்கட்டும். செயலாளர் அலுவலகத்தை நடத்தட்டும், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தீர்ப்புச் சொன்னவர் மேல்முறையீடு நடக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. தேசிய அளவில் இதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்காதீர்கள். அங்கே இருப்பவர்களும் நம்மைப் போன்ற ஏதோ ஒரு மாவட்டத்திலிருந்து போனவர்கள்தான். அந்தப் படத்தில் முதலில் நிரப்ப வேண்டியது மேல்முறையீட்டுப் பெட்டியை. செயலாளரிடமிருந்து எந்த உதவியும் வாங்காதவராக, செயலாளர் முகம் வாடினாலும் கவலைப்படாதவராக ஒருவரைத் தேடிப் போடுங்கள். நம் ஊரில் அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். ஒருவர் இருந்தார், தையற்கடை வைத்திருந்தார். நாங்கள் அவரிடம் விசிலை மட்டும்தான் கொடுத்திருந்தோம்.

இதை ஒரு பக்கமாகச் சுருக்கி அனுப்புங்கள். என் பெயர் வேண்டாம். சவரியின் பெயரையும் எடுத்துவிடுங்கள், அவனிடம் கேட்டால் "எதுக்குங்க அதெல்லாம்" என்றுதான் சொல்வான். ஆனால் நீங்கள் மூவரும் தெரிந்துகொள்ளுங்கள். அவன் அன்று ஆடியிருக்க வேண்டும். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும்.